வாயிலும் விருதும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



மேடையின் ஓரத்தில் ஒரு மேசை. அதன்மேல் குறள் ஒப்பித்தலுக்கும் கோலத்திற்கும் ஓட்டப் பந்தயத்திற்கும் உரிய கிண்ணங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளின் கண்கள் அங்கேதான் இருக்கின்றன. நம் பேச்சு முடியும் மட்டும் அக்கண்கள் பொறுத்தருள வேண்டும். ஆறுதலாக ஒன்று சொல்வோம்; நாம் பேசப்போவதும் பரிசைப் பற்றியே.

அமெரிக்க நாட்டில் 1967 ஆம் ஆண்டு முதல் ஒரு விழா நடந்து வருகிறது. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909 ஆம் ஆண்டு தோன்றிய ஒரு பெருஞ்சங்கம் அதனை நடத்துகிறது. திரைப்படம், தொலைக்காட்சி, இசை, இலக்கியம் ஆகிய துறைகளில் சிறந்த கறுப்பினத்தாரையும் பிற நிறத்தாரையும் அழைத்துப் போற்றும் அவ்விழாவில் வழங்குவதற்கு 'இமேஜ் விருது' என்று பெயர். உருவம், சாயல், பிறர் மனத்தில் பதிந்த தோற்றம் ஆகிய பொருள்களெல்லாம் அச்சொல்லில் அடங்கும். அவ்விழாவைப் பற்றிப் பேசுக என்பதே செயற்குழு நமக்கு இட்ட பணி. ஏடுகளைப் புரட்டத் தொடங்கினோம். எங்கோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திற்குச் செல்லப் புறப்பட்ட நாம், நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் இத்திருவனந்தபுரத்துச் சாலையிலேயே வந்து நின்றுவிட்டோம்.

ஏ. ஜி. ஆபீஸ் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமான இடம். நம்மில் சிலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் அங்குக் கோப்புகளோடு வாழ்ந்தவர்கள். அவ்விடத்திற்கு அருகில் முன்னொரு காலத்தில் 'காபிடல்' என்ற கொட்டகை இருந்தது. மலையாளத்தின் முதல் ஊமைப்படமாகிய 'விகதகுமாரன்' அக்கொட்டகையில்தான் முதன்முதலாகத் திரையில் விழுந்தது. அந்நாளை 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலமாக எழுதி வந்தனர். 1930 அக்டோபர் 23 என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. நாள் எதுவாயினும் அன்று நிகழ்ந்தது ஒன்றே. படத்தின் கதைத்தலைவியாக நடித்த பெண், தான் நடித்த படத்தைக் காணக் கொட்டகைக்குள் அமர முடியவில்லை.

அவள் பெயர் பி. கே. ரோசி. புலையர் குலத்தில் பிறந்தவள், புல்லறுத்துப் பிழைத்தவள், நாடகம் ஆடத் தெரிந்தவள். படத்தில் அவள் ஏற்றது சரோஜினி என்ற நாயர் குலப் பெண்ணின் வேடம். தாழ்ந்தவள் என்று தாம் ஒதுக்கிய ஒருத்தி, வெண்திரையில் உயர்குலப் பெண்ணாக உடுத்தி நடப்பதைக் கண்டவர்கள் பொறுக்கவில்லை. அவள் கூந்தலில் இருந்த மலரைக் கதைத்தலைவன் முத்தமிடும் காட்சி வந்ததும் கூச்சல் எழுந்தது. திரையின்மேல் கல் விழுந்தது. தொடக்கவிழாவுக்கு வந்த பெரியோர்கள் முன்னிலையில் அவள் அமர்ந்தால் தாம் அமர மாட்டோம் என்று சிலர் முன்பே மறுத்துவிட்டனர் என்று சொல்வர். படம் ஓடிய கொட்டகையோடு சினம் அடங்கவில்லை. அவள் குடிசை வரை அது சென்றது. அவள் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடினாள். ஒரு லாரியில் ஏறித் தெற்கே சென்றாள் என்றும், அதனை ஓட்டியவரையே மணந்து, தமிழ் வழங்கும் நாகர்கோவில் பக்கத்தில் ராஜம்மாள் என்ற பெயரோடு வாழ்ந்து மறைந்தாள் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். படவுலகை அவள் மறுபடியும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த நகரத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இங்கு ஓர் ஐயம் எழலாம். வெங்கானூர் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் செலுத்தியது 1893 ஆம் ஆண்டு அன்றோ? அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கொட்டகைக் கதவு மூடியிருந்ததா என்று கேட்கலாம். சாலை திறந்தது, கதவு திறக்கவில்லை. ஆலயக் கதவுகள் திறந்ததும் 1936 நவம்பர் 12 ஆம் நாள் வந்த அரச ஆணைக்குப் பின்னரே. நாம் விஜேடி ஹால் என்று சொல்லிப் பழகிய மண்டபத்திற்கு 2019 இல் அய்யன்காளியின் பெயர் சூட்டப்பட்டது. நம்மில் பலர் இன்னும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாக்குக்கு ஓர் அரசாணை பிறப்பிக்க எந்த அரசாலும் ஆவதில்லை.

ரோசி எங்கு நடிக்கக் கற்றாள் என்பதைத் தமிழர்களாகிய நாம் சற்று நின்று கேட்க வேண்டும். அவள் ஆடிய கூத்து காக்காரிசி நாடகம். தென்திருவிதாங்கூரின் சிற்றூர்களில் இரவெல்லாம் நடந்து வந்த கூத்து அது. சிவனும் பார்வதியும் காக்கானும் காக்காத்தியுமாக, குறி சொல்லும் நாடோடிகளாக மண்ணுக்கு வருகிறார்கள். ஊர்த் தம்புரான் அவர்களை நிறுத்தி, நீ யார், எவ்வூர், என்ன தொழில் என்று கேள்விமேல் கேள்வி கேட்கிறார். காக்கான் ஒவ்வொன்றுக்கும் எகத்தாளமாக விடை சொல்கிறான். கேட்போர் வயிறு குலுங்கச் சிரிப்பர். சிரிப்புக்கு நடுவே, அதிகாரத்தில் இருப்பவரை எளியவன் மடக்கும் இன்பமும் அவர்களுக்குக் கிடைக்கும். நம் குறவஞ்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உறவு விளங்கும். அதன் மொழி என்ன தெரியுமா? தமிழும் மலையாளமும் கலந்த மொழி. பாட்டில் தமிழ் தலைதூக்கும். பேச்சில் மலையாளம் முந்தும். சாலைக் கடைத்தெருவில் நாம் பேரம் பேசும் மொழி அதுவேயன்றோ? வீட்டில் நம் பிள்ளைகள் பேசினால் 'கலப்பு மொழி' என்று நாம் கடிந்துகொள்ளும் அதே மொழியில் ஒரு கலை வளர்ந்து, அது மலையாளப் படவுலகுக்கு முதற் கதைத்தலைவியைத் தந்திருக்கிறது. நம் சங்கத்தின் மலர்களை இதற்காகவே புரட்டிப் பார்த்தோம். பரதத்தைப் பற்றி ஒன்பது கட்டுரைகள் கண்டோம். காக்காரிசி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

இனி, படத்தை எடுத்தவரைக் காண்போம். அவர் ஜே. சி. டேனியல், அகத்தீசுவரத்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அவர் நாடார் குலத்துக் கிறித்தவர். அக்குலத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி, 1859 இல் அரச ஆணை பெற்ற வரலாறு நாம் அறிந்தது. டேனியல் தம் நிலத்தை விற்றார், பட்டம் என்ற இடத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார், கதை எழுதினார், ஒளிப்பதிவு செய்தார், இயக்கினார், கதைத்தலைவனாக நடித்தும் இருந்தார். புராணக் கதைகளையே படமாக்கிய அக்காலத்தில் அவர் குடும்பக் கதை ஒன்றை எடுத்தார். திருவிதாங்கூர்ச் செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கடத்தப்பட்டு, இலங்கைத் தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, பின் தன் குடும்பத்தை அடையும் கதை அது. விகதகுமாரன் என்றால் காணாமற்போன மகன் என்று பொருள். பெயர் பொருத்தத்தைப் பாருங்கள். படமும் காணாமற்போயிற்று; அதன் கதைத்தலைவியும் காணாமற்போனாள்; எடுத்தவரும் கடனில் மூழ்கி, பல்மருத்துவராகத் தமிழ்நாட்டு ஊர்களில் தொழில் செய்து, மக்கள் நினைவினின்றும் மறைந்தார்.

1938 இல் வெளிவந்த 'பாலன்' என்ற பேசும் படத்தையே மலையாளத்தின் முதற் படமாகக் கொண்டாடி வந்தனர். அதனை எடுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் என்பது நம் நெஞ்சு நிமிர ஒரு காரணந்தான். ஆயினும் அந்நிமிர்வில் டேனியல் மறைந்து போனார். ஊமைப்படத்திற்கு மொழி ஏது என்று வாதிட்டோரும் இருந்தனர். சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கண்டு எழுதியிராவிட்டால் இவ்வரலாறே நமக்குக் கிட்டியிராது. குன்னுக்குழி எஸ். மணி என்பவர் ரோசியின் வரலாற்றை அவ்வாறே தேடி எடுத்தார். முதுமையில் வறுமையுற்ற டேனியல், நலிந்த கலைஞர்க்குரிய உதவித்தொகையை வேண்டினார். 1956 நவம்பர் 1 ஆம் நாள் எல்லை மாறிவிட்டது; அகத்தீசுவரம் தமிழ்நாட்டில் சேர்ந்துவிட்டது; ஆகவே உங்கள் அரசையே கேளுங்கள் என்று விடை வந்ததாக அவர் வரலாறு எழுதியோர் குறிப்பர். எல்லைக்கோட்டின்மேல் வாழும் மனிதனை இரு பக்கத்தாரும், அவன் மறுபக்கத்தான் என்று சொல்வது எத்துணை எளிது! இந்நகரில் குடும்ப அட்டைக்கும் கல்லூரி இடத்திற்கும் அலைந்தறிந்த நம் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. டேனியல் 1975 ஏப்ரல் 27 ஆம் நாள் காலமானார்.

1992 ஆம் ஆண்டு கேரள அரசு ஒரு விருதை ஏற்படுத்தியது. மலையாளத் திரையுலகில் வாழ்நாள் முழுதும் தொண்டு செய்தவர்க்கு அளிக்கும் மிக உயர்ந்த விருது அது. அதன் பெயர் ஜே. சி. டேனியல் விருது. உதவித்தொகை வேண்டி எழுதிய கை மண்ணாகிப் பதினேழு ஆண்டு கழிந்தபின், அதே கைக்குரியவர் பெயரால் பிறர்க்குப் பரிசு! இதனை நாம் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. பிழையை உணர்ந்து பெயரிட்ட அரசைப் பாராட்டவே வேண்டும். ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்வோம். அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி ஆரன்முள பொன்னம்மா; 2005 ஆம் ஆண்டுக்குரிய விருது அது. பதின்மூன்று ஆண்டுகள் ஒரு பெண்ணும் அந்தப் பட்டியலில் இல்லை. படத்தை எடுத்தவர் பெயரில் விருது உண்டு. அப்படத்தில் நடித்ததற்காக வீடிழந்தவள் பெயர் அரசின் விருதேட்டில் இடம்பெறவில்லை.

ரோசியின் பெயரை உயிர்ப்பித்தவர்கள் பிறர். வினு ஆபிரகாம் அவளைப் பற்றி 'நஷ்ட நாயிகா' என்ற நாவல் எழுதினார். கமல் 2013 இல் 'செல்லுலாய்டு' என்ற படத்தை எடுத்தார். அது கேரள அரசின் சிறந்த படத்திற்குரிய பரிசைப் பெற்றது. மலையாளத் திரையுலகப் பெண்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு 2019 இல் தன் திரைப்படக் கழகத்திற்கு அவள் பெயரைச் சூட்டியது. நம் தமிழ்நாட்டு இயக்குநர் பா. ரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் பி. கே. ரோசி திரைப்பட விழாவை நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 ஆம் நாள் கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவளை ஓவியமாக வரைந்து வைத்தது. உலகின் பல மூலைகளில் இருந்தோர் அன்று அவள் பெயரைப் படித்தனர். கொட்டகை வாயிலைக் கடக்க முடியாதவள் அத்தனை வீட்டு வாயில்களைக் கடந்தாள்.

இப்போது அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கு ஹேட்டி மெக்டேனியல் என்ற கறுப்பின நடிகை இருந்தார். பெயரிலும் ஒரு டேனியல் ஒளிந்திருப்பது தற்செயல்தான். அவர் பெற்றோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். 'கான் வித் த விண்ட்' என்ற பெரும்படத்தில் அவர் வேலைக்காரியாக நடித்தார். 1939 டிசம்பர் 15 ஆம் நாள் அட்லாண்டா நகரக் கொட்டகையில் அப்படத்தின் முதற்காட்சி நடந்தது. அந்நகரத்தில் வெள்ளையரோடு கறுப்பர் அமரக்கூடாது. ஆகவே மெக்டேனியல் அங்குச் செல்ல முடியவில்லை. கேட்பதற்குப் பழகிய கதையாக இருக்கிறதன்றோ? இங்கு ரோசி, பத்தாண்டு கழித்து அங்கு மெக்டேனியல். இங்குச் சாதி, அங்கு நிறம். கதவு மட்டும் ஒரே தச்சன் செய்தது போல் இருக்கிறது.

1940 பிப்ரவரி 29 ஆம் நாள் மெக்டேனியலுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. கறுப்பின மக்களில் அப்பரிசை முதன்முதல் பெற்றவர் அவரே. விழா நடந்த விடுதி கறுப்பரை உள்ளே விடாத விடுதி. படத்தயாரிப்பாளர் தனியே வேண்டிக்கொண்டதன் பேரில் அவரை அனுமதித்தனர். உடன் நடித்தோர் நடுமண்டபத்தில் அமர்ந்திருக்க, அவருக்குச் சுவரோரத்தில் சிறு மேசை ஒன்று இட்டிருந்தனர். பெயர் அழைத்ததும் அங்கிருந்து எழுந்து நடந்துவந்து, கண்ணீரோடு பரிசை வாங்கிக்கொண்டு, மீண்டும் அச்சுவரோர மேசைக்கே சென்று அமர்ந்தார். இக்காட்சியை நினைக்குந்தோறும் நமக்கு ஏதோ தொண்டையில் அடைக்கிறது. ரோசிக்குப் பரிசும் இல்லை, இருக்கையும் இல்லை. மெக்டேனியலுக்குப் பரிசு உண்டு, இருக்கை மட்டும் ஓரத்தில். இவற்றுள் எது கொடிது என்று நாம் பலநாள் எண்ணிப் பார்த்தோம். முன்னதில் கொடுமை கல்லாக வந்தது; யாரும் அதனைக் கொடுமையென்று காண்பர். பின்னதில் அது கைதட்டலுக்குள் ஒளிந்துகொண்டது. கைதட்டியவர்கள் தாம் நல்லவர்கள் என்ற நிறைவோடு வீடு திரும்பியிருப்பர்.

மெக்டேனியல் 1952 இல் இறந்தார். ஹாலிவுட்டில் உள்ள இடுகாட்டில் தம்மைப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நிறம் காரணமாக அங்கும் இடம் மறுத்தனர். ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்த பரிசும் காணாமற்போயிற்று; 2023 இல்தான் அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்து கொடுத்தனர். மற்றொரு கறுப்பின நடிகை ஊப்பி கோல்ட்பர்க் ஆஸ்கர் பெற்றது 1991 இல். நடுவே ஐம்பத்தோர் ஆண்டுகள்! நாம் முதலிற் சொன்ன இமேஜ் விருது பிறந்தது இந்த இடைவெளியில்தான். நீங்கள் உங்கள் மண்டபத்தில் ஓர் ஓரத்தை எங்களுக்குத் தருகிறீர்கள். நாங்கள் எங்களுக்கென ஒரு மண்டபம் கட்டிக்கொள்கிறோம் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. கறுப்பினத்தாரை வேலைக்காரராகவும் கோமாளிகளாகவும் மட்டும் காட்டும் படங்களை எதிர்த்து நெடுநாள் போராடிய சங்கம் அது. வேலைக்காரி வேடங்களை ஏற்றதற்காக மெக்டேனியலையே அச்சங்கத் தலைவர்கள் குறை கூறியதும் உண்டு. பசித்தவளுக்கு வேறு வேடம் யார் தந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. நல்லோர் கையிலும் நடுவர் கோல் சில வேளை சாய்ந்துவிடுகிறது.

அங்ஙனமாயின் விருதால் பயனே இல்லையா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. 2022 செப்டம்பர் 30 ஆம் நாள் தில்லியில் தேசியத் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டன. சிறந்த பின்னணிப் பாடகி என்று அழைக்கப்பட்டவர் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மாள். இருளர் குலத்தவர், பள்ளியில் இசை பயிலாதவர், ஆடு மாடு மேய்த்துக்கொண்டு, தம் மக்களின் பாட்டைப் பாடி வந்தவர். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது அவ்வூர். அவர் மொழி நம் தமிழுக்கு நெருங்கிய உறவு. 'அய்யப்பனும் கோஷியும்' என்ற படத்தில் தம் மொழியிலேயே பாடினார். அப்பரிசை அவர் கையில் அளித்தவர் சந்தாலிப் பழங்குடியிற் பிறந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. மண்டபமே எழுந்து நின்றது. அங்கு அவரைச் சுவரோரத்தில் யாரும் அமர்த்தவில்லை. பரிசு அறிவித்தபோது, முறையாக இசை கற்றோர் இருக்க இவருக்கு எப்படித் தரலாம் என்று இசைத்துறையினர் ஒருவர் எதிர்த்து எழுதினார். இசைத்துறையினரே பலர் நஞ்சியம்மாள் பக்கம் நின்று மறுத்தும் எழுதினர். வழக்கு நடந்தது நல்லதே. கல் எறிந்த காலம் போய்ச் சொல் எறியும் காலம் வந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல்லால் விடை சொல்லலாம்.

நம் வீட்டு இளைஞர்கள் 'ஜெயிலர்' படத்தில் கண்டு நடுங்கிய விநாயகனையும் இங்கு நினைக்கலாம். 2016 ஆம் ஆண்டுக்குரிய சிறந்த நடிகர் பரிசைக் 'கம்மட்டிப்பாடம்' படத்திற்காகக் கேரள அரசு அவருக்கு அளித்தது. தலித் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஒருவர் முதல்வரிசைக்கு வந்தார்.

இலக்கியத்தைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசவில்லை. நேரம் கருதி ஒன்று மட்டும் சொல்வோம். நம் ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவர். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்தபடியே தெருவைப் பார்த்தார். சுமை தூக்குவோர், பிடிபட்ட திருடர், கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோர் யாவரும் அவர் கதைகளில் தலைநிமிர்ந்து நடந்தனர். மலையாள நகரத்தில் இருந்துகொண்டு தமிழில் எழுதியவர். சாகித்திய அகாதெமி விருது 2015 இல் 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்காக அவருக்குக் கிடைத்தது. அப்போது அகவை எண்பத்தொன்று. கதையால் உயர்ந்தவருக்குக் கட்டுரைக்காகப் பரிசு! அவரிடம் பாத்திரம் வாங்கிய நம்மில் எத்தனை பேர் அவர் புத்தகத்தை வாங்கியிருந்தோம்? 2021 ஜனவரியில் அவர் மறைந்தபின் இரங்கற் கூட்டத்தில் நாம் நன்றாகவே பேசினோம்.

பிறரைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம் நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்காகவே இப்பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆண்டுவிழாவுக்குக் குமரி மாவட்டத்திலிருந்து ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை அழைத்திருந்தோம். ஐவர் வந்தனர். இரண்டு மணி நேரம் பாடினர். நம் தாய்மார் கண்ணீர் விட்டனர். தலைவர் பொன்னாடை போர்த்தினார், புகைப்படம் எடுத்தோம், அவ்வாண்டு மலரிலும் படம் வந்தது. அதன்பின் பந்தி இட்டோம். முதற் பந்தியில் விருந்தினர், இரண்டாம் பந்தியில் உறுப்பினர் குடும்பங்கள். மூன்றாம் பந்தியில் சோறு குறைந்துவிட்டது. நாம் கைகழுவப் பின்பக்கம் சென்றபோது, வில்லுப்பாட்டுக்காரர் ஐவரும் சமையற்கட்டுப் படியில் அமர்ந்து பொட்டலச் சோறு உண்டுகொண்டிருந்தனர். மூத்தவர் பொன்னாடையைக் கறைபடாமல் மடித்து மடியில் வைத்திருந்தார். நம்மைக் கண்டதும் எழ முயன்றார். இருங்கள் ஐயா, உண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஏன் இங்கு அமர்ந்தீர்கள் என்று கேட்கவில்லை. யார் அமர்த்தினார் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை நம்மிடமே வந்து முடிந்திருக்கும். அந்தப் பந்திக் குழுவில் நாமும் ஒருவர்.

தீய எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை. பழக்கம் இருந்தது, அதுவே போதுமாயிருந்தது. அவ்விடுதிக்காரனும், இது என் விதியன்று, விடுதியின் வழக்கம் என்றுதான் சொல்லியிருப்பான்.

இவ்வாண்டு ரோசியின் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்த வேண்டும் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. நமக்கும் அம்மாவுக்கும் என்ன உறவு, அவர் மலையாள நடிகையன்றோ என்று ஒருவர் கேட்டார். அவர் ஆடிய கூத்தின் பாதி தமிழ் என்றோம். தமிழ்மண்ணில் ஒளிந்து வாழ்ந்து தமிழ்மண்ணில் மறைந்தவர் என்றார் மற்றொருவர். விவாதம் இரண்டு கூட்டங்கள் நீண்டது. பெயர் சூட்டலாம், ஆயினும் பெயர் சூட்டுவதோடு நிற்கக்கூடாது என்பதே நாம் அங்குச் சொன்னது. பித்தளைக் கேடயம் வேண்டாம். அதற்கு ஒதுக்கிய தொகையையும் சேர்த்துப் பணமாகக் கொடுங்கள் என்றோம். பொருளாளர் முதலில் முகம் சுளித்தார்; பிறகு கணக்கைப் பார்த்து இசைந்தார். பந்தியைப் பற்றியும் ஒரு தீர்மானம் எழுதச் சொன்னோம். தீர்மானம் எழுதுமளவுக்கு அது பெரிய செய்தியா என்றார் செயலாளர். எழுதிவிடுங்கள், அடுத்த ஆண்டு நாம் மறந்துவிடுவோம் என்றோம். எழுதியிருக்கிறார், குறிப்பேட்டில் உள்ளது.

ஆகவே இன்று காக்காரிசிக் குழுவினர் எண்மர் நம்மிடையே வந்திருக்கின்றனர். ஏன் முதல் வரிசையில் எட்டு நாற்காலிகளுக்குச் சீட்டு ஒட்டியிருக்கிறது என்று சிலர் வந்தவுடன் கேட்டீர்கள். அவை அவர்களுக்குரியவை. அவர்களுள் ஓர் அம்மையார் இருக்கிறார். கூத்து முடிந்ததும் முதற் பந்தியில் அவர்களுக்கு இலை போடப்படும். அந்தப் பந்தியில் தலைவரும் அமர்வார், நாமும் அமர்வோம். உறுப்பினர்கள் இரண்டாம் பந்திக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். சோறு குறையாது; இம்முறை அளந்து வாங்கியிருக்கிறோம்.

திரைக்குப் பின்னால் கஞ்சிரா ஒலிக்கிறது. காக்கானும் காக்காத்தியும் ஒப்பனை முடித்துவிட்டனர் போலும். குழந்தைகளே, அவர்கள் ஆடி முடித்தபின் உங்கள் கிண்ணங்களை அவர்கள் கையாலேயே தரச் சொல்லியிருக்கிறோம்.